அமராவதி மணலில் கிடைத்த செப்புக்காசுகள்: ரோமானிய அக்கசாலையில் அடித்தவையா, பார்த்து அடித்தவையா?

அமராவதிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கரூரில் பாத்திரக்கடை வைத்திருந்த என் அப்பச்சி, பழைய செம்பையும் பித்தளையையும் எடைக்கு வாங்குவது வழக்கம். அமராவதி ஆற்று மணலைச் சலித்துப் பொன்துகள் தேடியவர்கள், சல்லடையில் தங்கும் சிறு காசுகளையும் கொண்டுவந்து அவர் கடையில் போட்டுவிட்டுப் போவார்களாம். உலைக்குப் போகாமல் அவர் எடுத்து வைத்திருந்த 15 காசுகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடந்து, சென்ற மாதம் என் கைக்கு வந்தன. 14 செம்பு, ஒன்று வெள்ளிபோல் தெரிகிறது. காசு வாங்கி விற்கும் ஒருவரிடம் காட்டினேன். ஒரு நிமிடம்கூடப் பார்க்காமல் இவை எல்லாம் போலி, செம்பு விலைதான் கிடைக்கும் என்று சொல்லிவிட்டார். அப்பச்சி இத்தனை ஆண்டுகள் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

தெரிந்த நகைக்கடையில் எடை போட்டுப் பார்த்தேன். மூன்று காசுகளைப் பற்றி மட்டும் இப்போது எழுதுகிறேன்.

முதலாவது காசு 13 மில்லிமீட்டர் அகலம், 1.08 கிராம். ஒரு பக்கம் தலையில் முத்துப்பட்டை கட்டிய முகம். மறுபக்கம் சிறகுள்ள ஓர் உருவம் இடப்பக்கமாக நடந்தபடி கீழே கிடக்கும் ஒருவரை இழுத்துச் செல்கிறது. எழுத்துகளின் மேற்பாதி காசுக்கு வெளியே போய்விட்டது. இரண்டாவது காசு 12 மில்லிமீட்டர், 0.86 கிராம். முகம் என்று சொல்லத்தக்கது ஒரு புள்ளிக் கண்ணும் மூன்று கோடுகளும்தான். சுற்றிலும் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வேலிக்கால் நட்டதுபோல் நேர்க்கோடுகள் நிற்கின்றன. பின்புறம் குச்சி குச்சியாக மூன்று ஆட்கள். வெள்ளிபோல் தெரியும் மூன்றாவது காசு 18 மில்லிமீட்டர், 3.10 கிராம். அதில் ஒரு பக்கம் இலைமாலை சூடிய ஆண் தலை, இடப்பக்கம் நோக்கியது. மறுபக்கம் இருக்கையில் அமர்ந்த பெண்.

இவற்றுள் எது உண்மையானது, எது போலி என்று எப்படிக் கண்டுகொள்வது?

ஒரு தவறையும் ஒப்புக்கொள்கிறேன். நான்காவதாக ஒரு காசைப் பாத்திரம் தேய்ப்பதுபோல் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். பச்சை போய்விட்டது, அதோடு இருந்த இரண்டு எழுத்தும் போய்விட்டன.

செப்புத்தடம் எழுதியது:

வணக்கம் அம்மா. முதலில், இனி எந்தக் காசையும் தேய்க்க வேண்டாம். செப்புக்காசின் மேல் படிந்திருக்கும் கெட்டியான பச்சைக் களிம்பு அழுக்கு அல்ல. நூற்றாண்டுகளாக உலோகத்தின் மேற்பரப்பே மாறி அப்படி ஆகியிருக்கிறது. அச்சில் விழுந்த நுண்கோடுகள் பல அந்தக் களிம்பில்தான் தங்கியிருக்கின்றன. புளியும் எலுமிச்சையும் களிம்பைக் கரைக்கும்போது கோடுகளையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நாள்தோறும் நீரை மாற்றி, மென்மையான தூரிகையால் ஒற்றி எடுத்தால் போதும். தொட்டால் மாவாக உதிரும் வெளிர்பச்சைப் புள்ளிகள் எந்தக் காசிலாவது இருந்தால் அதை மட்டும் தனியாக, ஈரம் படாமல் வையுங்கள். அது அரிப்பு, காசைத் தின்றுகொண்டே போகும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். உண்மை, போலி என்று இரண்டு பெட்டிகளை வைத்துக்கொண்டு இந்தக் காசுகளைப் பிரிக்க முடியாது. குறைந்தது மூன்று பெட்டிகள் வேண்டும். ரோமானியப் பேரரசின் அக்கசாலையில், அதாவது அரசு காசு அடிக்கும் கூடத்தில், அடித்தவை ஒரு வகை. அதே காலத்திலோ சற்றுப் பின்னரோ, அக்கசாலைக்கு வெளியே, புழக்கத்துக்காக அவற்றைப் பார்த்து அடித்தவை இன்னொரு வகை. சேகரிப்பவர்களை ஏமாற்ற இக்காலத்தில் செய்தவை மூன்றாவது வகை. உங்களிடம் பேசிய வணிகர் இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கிவிட்டார். பார்த்தடித்த காசும் பழங்காசுதான். அதுவும் சந்தையில் கைமாறியது. ஒருவர் உழைப்பை இன்னொருவர் அதற்கு வாங்கினார்.

உங்கள் முதல் காசை எடுத்துக்கொள்வோம். சிறகுள்ள உருவம் வெற்றித் தெய்வமான விக்டோரியா. தோளில் வெற்றிச் சின்னத்தைச் சுமந்தபடி ஒரு கைதியை இழுத்துச் செல்கிறாள். இது கி.பி. 388 தொடங்கிச் சில ஆண்டுகள், முதலாம் தியோடோசியஸ், இரண்டாம் வாலன்டீனியன், ஆர்க்காடியஸ், பின்னர் ஹொனோரியஸ் ஆகிய பேரரசர்கள் பெயரில் கீழைநாட்டு அக்கசாலைகளில் ஏராளமாக அடிக்கப்பட்டது. சுற்றெழுத்து 'சாலூஸ் ரெய்பூப்ளிக்கே', அதாவது நாட்டின் நலம். இந்த வகையில் ஒரு கிராமுக்குச் சற்றுக் கூடக்குறைய இருப்பது இயல்பு. விக்டோரியாவுக்கு இடப்புறம் வெற்றிடத்தில், சிலுவையின் தலையில் ஒரு வளைவு சேர்த்ததுபோன்ற குறி தெரிகிறதா என்று பாருங்கள். அடியில் கோட்டுக்குக் கீழே இருக்கும் எழுத்துகள் மிக முக்கியம். அவைதாம் அக்கசாலையின் பெயர். ஏ.என்.டி. என்று இருந்தால் அந்தியோக்கியா, ஏ.எல்.இ. என்றால் அலெக்சாந்திரியா, எஸ்.எம்.கே. என்றால் சிசிக்கஸ், சி.ஓ.என்.எஸ். என்றால் கான்ஸ்டான்டிநோபிள்.

எழுத்தின் மேற்பாதி வெளியே போனதைக் கண்டு கலங்க வேண்டாம். அக்காலத்தில் வில்லைகள், அதாவது காசாக அடிக்கும் உலோகத் துண்டுகள், அச்சைவிடச் சிறியவையாகவே வெட்டப்பட்டன, அவசரமாக அடித்தார்கள், எழுத்து வெளியே விழுந்தது. எழுத்து விளிம்பில் வெட்டுப்பட்டிருப்பது வேறு, எழுத்தே அறியாத ஒருவர் அச்சில் செதுக்கியிருப்பது வேறு. வெட்டுப்பட்ட எழுத்தின் கீழ்ப்பாதி, வெளியே போன மேற்பாதி எப்படி இருந்திருக்கும் என்று சொல்லிவிடும். உங்கள் இரண்டாவது காசின் வேலிக்கால் கோடுகளோ முழுமையாகவே உள்ளே விழுந்திருக்கின்றன. இருந்தும் அவற்றைப் படிக்க முடியவில்லை. அங்கேதான் இரண்டு காசுகளும் பிரிகின்றன.

ஐயப்பாடு எழுதியது:

செப்புத்தடம் ஐயா சொல்வதில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. அக்கசாலையின் அனுமதி இல்லாமல் அடித்த காசு எந்தக் காலத்தில் அடித்ததாக இருந்தாலும் கள்ளக்காசுதானே? கி.மு. 81இல் ரோமின் ஆட்சியாளர் சுல்லா கொண்டுவந்த கொர்னேலியச் சட்டமே கள்ளக்காசு அடிப்பதைக் குற்றமாக்கியது. ரோமானியர்களே குற்றம் என்று சொன்னதை நாம் 'பார்த்தடித்த காசு' என்று மென்மையாக அழைப்பது எதற்காக?

தேம்ஸ்கரை எழுதியது:

ஐயப்பாடு அவர்களின் கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கான விடை சட்டத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது. நான் இருக்கும் நாட்டில் இது அன்றாடம் எழும் கேள்வி என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பிரிட்டனிலும் கால்லியாவிலும், அதாவது இன்றைய பிரான்ஸ் பகுதியிலும், கதிர்முடி சூடிய பேரரசர் தலையுடன் ஆயிரக்கணக்கான சிறு காசுகள் வயல்களில் கிடைக்கின்றன. கி.பி. 260 முதல் 274 வரை கால்லியப் பேரரசு என்று தனியாக ஆண்ட போஸ்துமஸ், விக்டோரினஸ், டெட்ரிக்கஸ் முதலியோரின் காசுகளைப் பார்த்து அடித்தவை அவை. 274இல் ரோமானியப் பேரரசர் ஆரேலியன் அந்த நிலப்பகுதியை மீட்டுப் புதிய, கனமான காசுகளை அடித்தார். ஆனால் அவை வடமேற்கு மாகாணங்களுக்குத் தேவையான அளவில் வந்துசேரவில்லை. ரொட்டி வாங்கவும் கூலி கொடுக்கவும் சில்லறை வேண்டுமே. உள்ளூரில் ஆங்காங்கே செம்பை வெட்டி, தெரிந்த தலையைத் தெரிந்த வகையில் செதுக்கி அடித்துக்கொண்டார்கள். தொடக்கத்தில் ஓரளவு வாசிக்கத் தக்கதாக இருந்த டெட்ரிக்கஸின் பெயர் போகப்போக வெறும் ஐ, சி, வி என்னும் கோடுகளின் வரிசையாகத் தேய்ந்தது. அளவும் சுருங்கிச் சுருங்கி, சில காசுகள் ஒரு மிளகை நசுக்கி வைத்த அளவுக்கு வந்துவிட்டன.

இவை மறைவாகப் புழங்கியவை அல்ல. இங்கே புதையல்களில் நல்ல காசுகளோடு கலந்தே கிடைக்கின்றன. அந்த நூற்றாண்டுப் புதையல்கள் எவ்வளவு பெரியவை என்றால், 2010இல் சாமர்செட் பகுதியின் புரோம் அருகே ஒரே பானையில் 52,503 காசுகள் கிடைத்தன. அதற்கு முன் பேரரசர் கிளாடியஸ் காலத்திலும் இதே கதைதான்: கி.பி. 43இல் படை பிரிட்டனுக்குள் நுழைந்தபின் செப்புச் சில்லறை போதாமல், மினெர்வா தெய்வம் பொறித்த அஸ் என்னும் செப்புக்காசைப் பார்த்து இங்கேயே அடித்தார்கள். படைமுகாம்களிலேயே அவை புழங்கியிருக்கின்றன. ஒரு கிராம் செம்புக் காசைப் பார்த்தடிப்பதில் கள்ளனுக்கு என்ன இலாபம்? செம்பும் வேண்டும், கரியும் வேண்டும், அச்சும் வேண்டும், கையும் வலிக்கும். வெள்ளிக் காசுக்குச் செம்பில் வெள்ளி மூடிக் கொடுப்பவர்தான் ஏமாற்றுகிறார். ஆகவே உலோகத்தைப் பார்க்காமல் நோக்கத்தைத் தீர்மானிக்கக் கூடாது என்பது என் கருத்து.

கந்தரோடை எழுதியது:

தேம்ஸ்கரை அவர்கள் பிரிட்டனைப் பற்றிச் சொன்னதற்கு இணையான, ஆனால் இன்னும் வியப்பான ஒன்று எங்கள் தீவில் நடந்திருக்கிறது. பிரிட்டன் பேரரசுக்கு உள்ளே இருந்த மாகாணம். இலங்கையோ தமிழகமோ ஒருநாளும் ரோமின் ஆட்சியில் இருந்ததில்லை. இருந்தும், 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளின் ரோமானியச் செப்புச் சில்லறை இலங்கையில் ஆயிரக்கணக்கில் கிடைக்கிறது. கூடவே அவற்றைப் பார்த்து உள்ளூரில் அடித்தவையும் ஏராளமாகக் கிடைக்கின்றன. 1924இல் இலங்கைக் காசுகளைப் பற்றி எழுதிய கொட்ரிங்டன் காலத்திலேயே இவை தனி வகையாகக் கவனிக்கப்பட்டுவிட்டன. சுல்லாவின் சட்டம் இங்கே செல்லாது. எனவே ஐயப்பாடு அவர்களே, எங்கள் நிலத்தில் அடித்த காசை ரோமின் சட்டத்தைக் கொண்டு கள்ளக்காசு என்று அழைப்பது பொருந்தாது என்றே நினைக்கிறேன். இங்கிருந்தவர்களுக்கு அது பழகிய வடிவம், கை அறிந்த எடை, அவ்வளவே.

அமராவதிக்கரை அவர்களின் இரண்டாவது காசைப் பற்றிச் சொல்ல ஒன்று இருக்கிறது. மூன்று ஆட்கள் நிற்கும் காசு கி.பி. 406 முதல் 408 வரை ஆர்க்காடியஸ், ஹொனோரியஸ், இரண்டாம் தியோடோசியஸ் ஆகிய மூவரும் ஒருங்கே பேரரசர்களாக இருந்தபோது அடிக்கப்பட்டது. சுற்றெழுத்து 'குளோரியா ரோமானோரம்', ரோமானியரின் பெருமை. அக்கசாலைக் காசில் நடுவில் நிற்பவர் மற்ற இருவரையும்விடக் குள்ளமாக இருப்பார். அவர் தியோடோசியஸ், அப்போது சிறு பிள்ளை. இரண்டு பக்கமும் பெரியவர்கள் ஈட்டியோடு நிற்பார்கள். உங்கள் காசில் நடுவில் இருப்பவர் எவ்வளவு உயரம்?

அமராவதிக்கரை எழுதியது:

உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். மூவரும் ஒரே உயரம். இன்னும் சொன்னால், நடுவில் இருப்பவர் ஒரு மயிரிழை உயரம். மூவர் கையிலும் ஈட்டிபோல் கோடு இருக்கிறது.

முதல் காசில் இடப்புறம் சிலுவைபோன்ற குறி இருக்கிறது. அடியில் ஏ, என் இரண்டும் தெளிவாகத் தெரிகின்றன, அதன்பின் தேய்ந்துவிட்டது. அப்படியானால் அது அந்தியோக்கியாவில் இருந்து வந்ததா?

செப்புத்தடம் எழுதியது:

ஆம், அந்தியோக்கியாவில் அடித்த காசாகவே கொள்ளலாம். ஏ, என் என்று தொடங்கி அடுத்தது டி என்று முடியும் அக்கசாலைப் பெயர் அந்த ஒன்றுதான். சிலுவைக் குறியும் உருவமும் எடையும் அதற்கு இசைவாகவே இருக்கின்றன.

கந்தரோடை அவர்கள் கேட்ட கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஏனென்றால் பலரும் எழுத்தைப் பார்த்தவுடன் நின்றுவிடுகிறார்கள். மூன்று பேரை ஒரே உயரத்தில் செதுக்கியவருக்கு ஈட்டி புரிந்திருக்கிறது, மூன்று என்ற எண்ணிக்கை புரிந்திருக்கிறது. ஆனால் நடுவில் நிற்பது ஒரு குழந்தைப் பேரரசர் என்பது புரியவில்லை, அவருக்கு அது தேவையும் இல்லை. அக்கசாலையில் அடித்த மோசமான காசுக்கும் பார்த்தடித்த நல்ல காசுக்கும் இடையே தடுமாறும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான்: செதுக்கியவர் தாம் செதுக்குவது என்ன என்று அறிந்து செதுக்கினாரா, கண்ணால் கண்ட கோடுகளை மட்டும் மீண்டும் போட்டாரா? அறிந்தவருடைய கை அவசரத்தில் தவறினாலும் மாலையின் முடிச்சு தலையின் பின்னால்தான் வரும். அறியாதவருடைய கை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் முடிச்சு காதில் போய் நிற்கும்.

கரூர், மதுரைப் பகுதிகளில் கிடைத்த இத்தகைய பிற்கால ரோமானியச் செப்புக்காசுகளை நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி தொகுத்து ஆராய்ந்து 1994இல் வெளியிட்டார். அதற்கு முன் பலர் இவற்றைத் தேய்ந்துபோன சில்லறை என்று ஒதுக்கி, பொன், வெள்ளிக் காசுகளையே பேசிக்கொண்டிருந்தார்கள். புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த 501 பொற்காசுகளைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அவற்றுள் பெரும்பாலானவற்றின் முகத்தில் உளியால் வெட்டிய தழும்பு இருப்பதும் தெரியும். ஆற்று மணலில் கிடந்த ஒரு கிராம் செம்பைக் குனிந்து எடுத்தவர்கள் குறைவு. உங்கள் அப்பச்சி எடுத்திருக்கிறார்.

ஐயப்பாடு எழுதியது:

செம்பைப் பொறுத்தவரை என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். கந்தரோடை அவர்களின் விளக்கம் நேர்மையானது. ஆனால் அந்த வெள்ளிபோல் தெரியும் மூன்றாவது காசை விட்டுவிட்டீர்கள். இடப்பக்கம் நோக்கிய தலை என்கிறார். இந்த உருவங்கள் கொண்ட, ரோமானியப் பேரரசர் டைபீரியஸின் டெனாரியஸ் என்னும் வெள்ளிக்காசில் தலை எப்போதும் வலப்பக்கம் அல்லவா நோக்கும்? எடையும் குறைவு. இதுவாவது இக்காலப் போலி என்று ஒப்புக்கொள்வீர்களா?

செப்புத்தடம் எழுதியது:

அவசரப்பட வேண்டாம் ஐயா. முதலில் உலோகத்தைக் கேட்டுப் பார்ப்போம்.

அமராவதிக்கரை அம்மா, உங்கள் தெரிந்த நகைக்கடையிலேயே இதைச் செய்துவிடலாம். தராசின் தட்டில் ஒரு கண்ணாடிக் குவளையில் காய்ச்சி வடித்த நீரை வைத்து, எடையைச் சுழியமாக்கிக்கொள்ளுங்கள். காசை ஒரு மெல்லிய தையல் நூலில் கட்டி, குவளையின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் நீருக்குள் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் நூலை மெல்ல ஆட்டி உதறிவிடுங்கள். அப்போது தராசு காட்டும் எண், காசு விலக்கிய நீரின் எடை. காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். தூய வெள்ளி 10.5; செம்பு 8.9. டைபீரியஸின் டெனாரியஸ் ஏறக்குறையத் தூய வெள்ளி என்பதால் 10.3க்குக் கீழே போகக் கூடாது.

அமராவதிக்கரை எழுதியது:

மூன்று முறை செய்தேன். ஒவ்வொரு முறையும் 0.34 வந்தது. 3.10ஐ 0.34ஆல் வகுத்தால் 9.1.

விளிம்பில் ஓர் இடத்தில், நகத்தால் தட்டிய சுண்ணாம்புபோல் வெள்ளி உரிந்து, உள்ளே பச்சை தெரிகிறது. இதை இதுவரை நான் கவனிக்கவே இல்லை.

செப்புத்தடம் எழுதியது:

அப்படியானால் உள்ளே செம்பு, மேலே வெள்ளித் தகடு. உரிந்த இடத்தில் பச்சைக் களிம்பு ஏறியிருப்பது ஒரு நல்ல அடையாளம். ஆனால் களிம்பை அமிலம் ஊற்றி நாலு நாளிலும் வரவழைக்கலாம் என்பதால் அதை மட்டும் நம்ப மாட்டேன்.

தலை இடப்பக்கம் திரும்பியதற்கு வருகிறேன். அச்சில் எதையும் இடவலம் மாற்றித்தான் செதுக்க வேண்டும். காசில் வலம் வர வேண்டுமானால் அச்சில் இடம் இருக்க வேண்டும். நம் ரப்பர் முத்திரை போலத்தான். பழகிய அக்கசாலைக்காரருக்கு அது கைப்பழக்கம். ஓர் உண்மையான டெனாரியஸைக் கண்முன் வைத்துக்கொண்டு அதில் கண்டபடியே அச்சில் செதுக்கியவருக்கு, அடித்தெடுத்த காசில் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பிவிடும். உங்கள் காசில் அமர்ந்திருக்கும் பெண்ணும் இடப்பக்கம் நோக்கியிருந்தால், சில எழுத்துகளும் திரும்பியிருந்தால், அதுதான் நடந்திருக்கிறது. இக்காலப் போலி செய்பவர் பெரும்பாலும் உண்மையான காசை அச்செடுத்து வார்ப்பார். அதனால் அவருக்குத் திசை தவறாது. திசை தவறுவது பெரும்பாலும் கையால் செதுக்கியவருக்குத்தான்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். வார்த்ததாலேயே ஒரு காசு இக்காலத்தது ஆகிவிடாது. களிமண்ணில் காசை அழுத்தி அச்செடுத்து வார்க்கும் வழக்கம் பிரிட்டனிலும் எகிப்திலும் அந்தக் காலத்திலேயே இருந்தது. அந்தக் களிமண் அச்சுகளே கிடைத்திருக்கின்றன. ஆகவே வார்ப்பில் விழும் ஊசிமுனைக் குழிகளைக் கண்டவுடன் தீர்ப்பு எழுதுபவர்களும் சற்றுப் பொறுக்க வேண்டும்.

தேம்ஸ்கரை எழுதியது:

ஏன் டைபீரியஸ் என்று ஒரு கேள்வி எழலாம். அவருடைய இந்த ஒரே வகைக் காசும், அதற்கு முந்தைய பேரரசர் அகஸ்டஸின், அவருடைய பேரர்கள் காயுஸ், லூசியஸ் இருவரும் கேடயங்களோடு நிற்கும் காசும்தான் தென்னிந்தியாவில் மிகுதி. கொங்குப் பகுதியின் பூதிநத்தத்தில் ஆயிரத்துக்கும் மேலாகக் கிடைத்தவை இவ்விருவர் காசுகளே. தெலங்கானாவின் அக்கன்பள்ளிப் புதையலில் நல்லவற்றோடு பார்த்தடித்தவையும் சேர்ந்தே இருந்தன. கி.பி. 64இல் நீரோ டெனாரியஸின் எடையைக் குறைத்தார். அதுவரை ஒரு ரோமானிய பவுண்டு வெள்ளியில் 84 காசுகள், அதன்பின் 96. பழைய கனமான காசையே இங்குள்ளவர்கள் விரும்பியதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். இலங்கை மன்னர் ஒருவர் ரோமானிய டெனாரியஸ் காசுகளைக் கண்டு, முகங்கள் வேறு வேறாக இருந்தும் எடை ஒன்றாகவே இருக்கிறதே என்று அந்த மக்களின் நேர்மையை வியந்தார் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். எடை மேல் அப்படி ஒரு நம்பிக்கை இருந்த இடத்தில்தான் 3.10 கிராம் எடையுள்ள வெள்ளி மூடிய செம்பை யாரோ ஒருவர் கொடுத்து, யாரோ ஒருவர் வாங்கியிருக்கிறார்.

ஐயப்பாடு எழுதியது:

ஆக, இதைக் கள்ளக்காசு என்று அழைக்கலாம் அல்லவா?

தேம்ஸ்கரை எழுதியது:

இதைத் தாராளமாக அழைக்கலாம். வெள்ளி என்று சொல்லிச் செம்பைக் கொடுத்தது ஏமாற்றுதான், அது எந்த நாட்டில் நடந்தாலும்.

அமராவதிக்கரை எழுதியது:

அந்தப் பெண்ணும் இடப்பக்கம்தான் நோக்குகிறார். செப்புத்தடம் ஐயா சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இன்று மாலை மீதி 11 செப்புக்காசுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது காசு, இரண்டாவது காசின் உடன்பிறப்பு போலவே இருக்கிறது. அதே புள்ளிக் கண். அதே மூன்று கோட்டு முகம். இரண்டிலும் கண்ணுக்குப் பின்னால் இருந்து பிடரி வரை ஒரே இடத்தில் ஒரு சாய்வான கோடு ஓடுகிறது. முதலில் யாரோ கீறியது என்று நினைத்தேன். ஆனால் நகத்தை வைத்து ஓட்டினால் தடுக்கிறது. அது குழிவு அல்ல, மேடு. ஒன்பதாவது 0.71 கிராம்தான்.

செப்புத்தடம் எழுதியது:

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். கீறல் குழியும், மேடாக இருப்பது அச்சில் விழுந்த விரிசல். அச்சு வெடித்த இடத்தில் உலோகம் புகுந்து காசில் மேடாக எழும். ஒரே விரிசல் இரண்டு காசிலும் ஒரே இடத்தில் இருந்தால், இரண்டும் ஒரே அச்சில் பிறந்தவையாக இருக்கலாம். அல்லது ஒரே தாய்க்காசை அழுத்தி எடுத்த களிமண் அச்சில் வார்த்தவையாகவும் இருக்கலாம், ஏனென்றால் வார்ப்பில் அந்த மேடும் சேர்ந்தே வரும். இந்த இரண்டையும் பிரிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. தலையைச் சுற்றிப் புள்ளிகளால் ஆன வட்டம் எந்தப் பக்கம் விளிம்புக்கு உள்ளே விழுந்திருக்கிறது, எந்தப் பக்கம் வெளியே போயிருக்கிறது என்று இரண்டு காசிலும் பாருங்கள். வார்த்தவை என்றால் தாய்க்காசு எந்தப் பக்கம் விலகியிருந்ததோ அதே பக்கம்தான் பிள்ளைகளும் விலகியிருக்கும். அடித்தவை என்றால் ஒவ்வோர் அடிக்கும் வில்லை வேறு விதமாக நகர்ந்திருக்கும்.

கந்தரோடை எழுதியது:

விளிம்பையும் பாருங்கள். அடித்த காசென்றால் விளிம்பில் சின்னஞ்சிறு வெடிப்புகள் இருக்கக்கூடும். இலங்கையில் கிடைக்கும் இலட்சுமித் தகடுகளை, அதாவது இலட்சுமி உருவம் கொண்ட நீள்சதுரப் பழங்காசுகளை, நான் பார்த்துப் பழகியதால் சொல்கிறேன். வார்த்த விளிம்பு வழவழவென்று உருண்டு நிற்கும், உலோகம் ஊற்றிய வாய் ஒரு முனையில் தெரியும்.

அமராவதிக்கரை எழுதியது:

இரண்டாவது காசில் புள்ளி வட்டம் முகத்துக்கு முன்னால் தெரிகிறது, பிடரிப் பக்கம் வெளியே போய்விட்டது. ஒன்பதாவதில் பிடரிக்குப் பின்னால் ஆறு புள்ளிகள் எண்ணத் தெரிகின்றன. முகத்துக்கு முன்னால் ஒன்றும் இல்லை, மூக்கே விளிம்பைத் தொடுகிறது. ஒன்பதாவதின் விளிம்பில் இரண்டு இடத்தில் வெடிப்பு இருக்கிறது.

செப்புத்தடம் எழுதியது:

அப்படியானால் அவை ஒரே அச்சில் அடித்தவை. ஒன்று 0.86, மற்றொன்று 0.71 என்று எடை மாறுவதும் அதற்கு ஒத்துப்போகிறது. வில்லையை நிறுத்துப் பார்க்காமல் வெட்டி அடித்திருக்கிறார்கள். அந்தியோக்கியாவில் இருந்து கடல் கடந்து வந்த ஒரு காசும், ஒரே அச்சில் பிறந்த இரண்டு காசுகளும் ஒரே ஆற்றங்கரையில் கிடைத்திருக்கின்றன. முன்னது எவ்வளவு தொலைவு கைமாறி வந்ததோ, பின்னவை அவ்வளவு அலையாமல் வந்தவை என்று எண்ணலாம். கரூரிலேயே அடித்தவை என்று நிறுவ வேண்டுமானால் அச்சோ அடிக்காத வில்லைகளோ அங்கே கிடைக்க வேண்டும். ஆனால் இந்த இரண்டு காசுகள் ஒன்றாக இருப்பதே ஒரு சான்று. அவற்றைப் பிரித்துவிட்டால் அந்தச் சான்று அழிந்துவிடும். எனவே எக்காரணம் கொண்டும் இவற்றைத் தனித்தனியாக யாருக்கும் கொடுக்காதீர்கள்.

சட்டத்தையும் நினைவில் வையுங்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மண்ணில் புதைந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட பொருளை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி இவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. இவை உங்கள் அப்பச்சி காலத்தில் வாங்கியவை என்றாலும், தொல்லியல் துறையிடம் காட்டிப் பதிவுசெய்துகொள்வது நல்லது. ஒவ்வொரு காசும் எங்கே கிடைத்தது என்று ஏதாவது குறிப்பு இருக்கிறதா?

அமராவதிக்கரை எழுதியது:

பிஸ்கட் டப்பாவின் அடியில் விரித்திருந்த செய்தித்தாளை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். அதன் ஓரத்தில் அப்பச்சியின் கையெழுத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறது: 'பாலத்துக்குக் கீழே, தென்கரை. மூணு ஆள் காசு ரெண்டும் ஒரே நாளில் வந்தது.'

அந்தத் தாளையும், இரண்டாவது, ஒன்பதாவது காசுகளையும் ஒரே உறையில் போட்டு மேலே எழுதி வைத்துவிட்டேன். திங்கட்கிழமை தொல்லியல் அலுவலகத்துக்கு எடுத்துச் செல்கிறேன்.